சுவரை மூடுறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி பொறுங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல வீட்டுப் பக்கத்துல பாத்ரூம் ஷவரை நீங்களே மாட்டிக்கலாம், ஒரு மத்தியானம் போதும்னு ஒரு கட்டுரை வந்துச்சு. முழுசா ரெண்டு தடவை படிச்சேன். படம் எல்லாம் அழகா இருந்துச்சு, என்னென்ன வாங்கணும்னு பட்டியலும் இருந்துச்சு, டெஃப்லான் டேப் எப்படி சுத்தணும்னு கூட சொல்லியிருந்தீங்க. ஆனா சுவருக்குள்ள போற பைப்பை சோதிச்சு பாக்குறத பத்தி ஒரு வரி கூட இல்ல, பைப் போட்டு சிமென்ட் பூசி டைல் ஒட்டிடுங்கன்னு நேரா அடுத்த வேலைக்கு போயிட்டீங்க. அத படிச்ச உடனே எனக்கு வயித்த பிசைஞ்சுது, ஏன்னா ரெண்டு வருசம் முன்னாடி நானும் என் தம்பியும் அப்படியே தான் பண்ணோம். அதனால தான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமா தான் போகும், பொறுத்துக்கோங்க.

நாங்க அல்சூர் பக்கம் மர்ஃபி டவுன்ல லீஸ் வீட்ல இருக்கோம், மூணு மாடி கட்டடத்துல மேல் மாடி. நான் ஒரு தனியார் கம்பெனில கணக்கு பாக்குறேன், தம்பி கார்பென்டர் வேலை, அதனால ட்ரில், கட்டிங் மிஷின் எல்லாம் வீட்லயே இருக்கு. அம்மாவுக்கு எழுபத்தி நாலு வயசு. மாடிப்படில வழுக்கி விழுந்து வலது தோள்பட்டைல எலும்பு விட்டுப் போச்சு, எலும்பு கூடிடுச்சு ஆனா கை நெஞ்சுக்கு மேல எழும்பல. நமக்கெல்லாம் குளிக்கிறது ஒரு வேலையே இல்ல, பக்கெட்ல தண்ணி, கைல மக்கு, அவ்ளோ தான். அந்த மக்கை தலைக்கு மேல தூக்க முடியாதவங்களுக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு வீட்ல ஒருத்தர் அப்படி ஆனா தான் புரியுது. ஆறு மாசம் நான் தான் குளிப்பாட்டினேன். எனக்கு அதுல ஒரு கஷ்டமும் இல்ல, ஆனா அம்மாவுக்கு இருந்துச்சு, புடவைய சுத்திக்கிட்டு முகத்த திருப்பிக்கிட்டு உக்காந்திருப்பாங்க, ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. ஆபீஸுக்கு லேட்டாகும்னு எனக்காக ரெண்டு நாளைக்கு ஒரு தடவை குளிச்சா போதும்னு சொல்ல ஆரம்பிச்சாங்க, தினம் விடிகாலைல தலைக்கு ஊத்திக்கிட்டு தான் அடுப்பு பத்த வைக்கிற மனுஷி. அப்ப தான் ஷவர் மாட்டிடலாம்னு முடிவு பண்ணோம். ஓனர் கிட்ட கேட்டோம், தாராளமா செய்ங்க, ஒழுகுச்சுன்னா உங்க பொறுப்புன்னு சொன்னார்.

மொதல் தப்பு கடைலயே நடந்துச்சு. எஸ்.பி. ரோட்ல ஒரு கடைக்கு போனோம், அங்க எட்டு இஞ்ச் அகலத்துல சதுரமா ஒரு ரெய்ன் ஷவர் பளபளன்னு தொங்குது, கடைல அதுக்கு பம்ப் வச்சு தண்ணி விட்டு காட்டுறாங்க, நிஜமாவே மழை மாதிரி கொட்டுது. வாங்கிட்டோம். அட்டைப்பெட்டி மேல பொடி எழுத்துல குறைஞ்சது 0.5 பார் பிரஷர் வேணும்னு போட்டிருந்தத யாரும் பாக்கல, பாத்திருந்தாலும் பார்னா என்னன்னு அன்னிக்கு எங்களுக்கு தெரியாது. இப்ப தெரியும், அத உங்க வாசகர்களுக்கு சொல்லிடுறேன், ஏன்னா இத ஒரு பிளம்பர் அண்ணன் எனக்கு பேப்பர்ல கோடு போட்டு காமிச்சப்ப ரெண்டே நிமிஷத்துல புரிஞ்சுது.

தண்ணி பத்து மீட்டர் உசரத்துல இருந்து இறங்குனா ஒரு பார். நம்ம கணக்குல முப்பத்தி மூணு அடி. டேங்க் எவ்ளோ பெருசா இருந்தாலும், ஆயிரம் லிட்டரா ரெண்டாயிரமான்னு அதுக்கு கவலையே இல்ல, டேங்க்ல இருக்குற தண்ணி மட்டத்துக்கும் ஷவருக்கும் நடுவுல எத்தன அடின்னு மட்டும் தான் பாக்கணும். எங்க வீடு மேல் மாடி, மொட்டை மாடில மூணு அடி மேடை, அது மேல டேங்க். ஷவர் ஏழடில. அளந்து பாத்தா டேங்க் நிறைஞ்சிருக்கும்போது ஒம்பது அடி, காலியாகுற சமயம் ஆறு அடி. அதாவது கால் பார் தேறுறதே பெருசு. கீழ் வீட்லயோ தரைத்தளத்துலயோ இதே ஷவர் நல்லா வேலை செய்யும், அவங்களுக்கு பத்தடி இருபதடி கூட கிடைக்குது. மேல் மாடிக்காரங்க தான் ஏமாந்து போறோம். பெங்களூர்ல எங்க பாத்தாலும் இருபதுக்கு முப்பது சைட்ல மூணு மாடி கட்டி ஒவ்வொரு மாடியும் ஒரு குடும்பம், அதுல மேல் மாடிக்காரங்க எத்தன பேர் பெரிய ஷவரை மாட்டிட்டு பேசாம பக்கெட்டுக்கே திரும்பி போயிருப்பாங்கன்னு நினைச்சு பாருங்க. எங்க வீட்ல மொத நாள் திறந்தப்ப கோயில்ல லிங்கத்துக்கு மேல தாராபாத்திரம் தொங்குமே அதுல இருந்து சொட்டுமே, அப்படி தான் வந்துச்சு, நடு ஓட்டைல மட்டும், சுத்தி இருக்குற ஓட்டை எல்லாம் காஞ்சு கிடந்துச்சு.

சரி அது பணம் போனதோட முடிஞ்சுது. ரெண்டாவது தப்பு தான் பெருசு.

எங்க பாத்ரூம்ல பழைய காலத்து மாதிரி சுடுதண்ணிக்கு ஒரு நல்லி, பச்சத்தண்ணிக்கு ஒரு நல்லி, தனித்தனியா, நடுவுல ஒம்பது இஞ்ச். ரெண்டு தண்ணியையும் கலந்து விடுற வால் மிக்ஸர் மாட்டணும்னா ரெண்டு பாயிண்டுக்கும் நடுவுல ஆறு இஞ்ச் இருக்கணும், மிக்ஸரோட வர்ற வளைஞ்ச கால வச்சு முன்ன பின்ன கொஞ்சம் சரி பண்ணலாம், மூணு இஞ்ச் எல்லாம் முடியாது. அதனால சுவர வெட்டித்தான் ஆகணும். தம்பி மிஷின் வச்சு ரெண்டு பாயிண்டையும் கிட்ட கொண்டு வந்தான், அப்படியே மேல ஏழடிக்கு ஷவர் பைப்புக்கும் சுவர்ல பள்ளமா ஒரு காடி எடுத்தான், வீடு பூரா வெள்ளையா தூசி. பைப் எல்லாம் சுடுதண்ணிக்கான சி.பி.வி.சி. பைப் தான் வாங்கினோம், அதுல தப்பில்ல, அது 93 டிகிரி வரைக்கும் தாங்கும். ஆனா ஒட்டுறதுக்கு சொல்யூஷன், முன்னாடி சம்ப் மோட்டர் பைப்புக்கு வாங்கின பழைய டப்பா வீட்ல பாதி இருந்துச்சு, அது யு.பி.வி.சி.க்கானது, பச்சத்தண்ணி பைப்புக்கு. எல்லாம் ஒரே பசை தானே, எதுக்கு இன்னொரு டப்பான்னு அதையே தடவிட்டோம். பைப் மேல இருந்த தூசிய துணில தட்டி விட்டோம், அவ்ளோ தான். அன்னிக்கு பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி, கே.ஜி.எஃப்.ல இருந்து பெரியம்மா குடும்பம் வருது, பாத்ரூம் வேணும், அதனால மத்தியானம் ஒட்டின பைப்பை சாயங்காலமே சிமென்ட் வச்சு மூடி டைல் ஒட்டிட்டோம். நல்லிய திறந்தோம், தண்ணி வந்துச்சு, கை தட்டினோம். அந்த கட்டுரைல இருக்குற மாதிரியே ஒரு மத்தியானம்.

பொங்கல் முடிஞ்சு பத்து நாள் கழிச்சு கீழ் வீட்டு ஆன்ட்டி வந்து கதவ தட்டினாங்க. ஹாசன் பக்கத்துக்காரங்க, எங்களோட ஏழு வருச பழக்கம், உகாதிக்கு ஒப்பட்டு குடுத்து விடுவாங்க, நாங்க பொங்கல் குடுத்து விடுவோம். ஸ்வல்ப பந்து நோடி, கொஞ்சம் வந்து பாருங்கன்னு கன்னடத்துல ஒரே வார்த்தை தான் சொன்னாங்க, முகத்துல கோபம் கூட இல்ல. போய் பாத்தா அவங்க பெட்ரூம் சீலிங்ல ஒரு முறம் அகலத்துக்கு ஈரம், பெயின்ட் கொப்புளம் கொப்புளமா எழும்பி நிக்குது, ஒரு கொப்புளத்த தொட்டேன், உடைஞ்சு சுண்ணாம்பு தண்ணி என் முழங்கை வரைக்கும் வழிஞ்சுது. அந்த ரூம்ல அவங்க பேத்தி படிக்கிற மேஜை, அத நடு ஹால்ல இழுத்து போட்டிருந்தாங்க. மூணு நாளாச்சாம், எங்க வீட்ல சொந்தக்காரங்க இருந்தாங்கன்னு சொல்லாம பொறுத்திருக்காங்க. அந்த நிமிஷம் நான் எப்படி நின்னேன்னு எனக்கு தான் தெரியும்.

ஒட்டின டைலை திரும்ப உடைச்சோம். உடைச்சு பாத்தா சுடுதண்ணி பைப் திரும்புற இடத்துல இருக்குற எல்போ ஜாயின்ட்ல இருந்து மெல்லிசா தண்ணி கசியுது, பீய்ச்சி அடிச்சா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும், இது வியர்வை மாதிரி பூத்து பூத்து சுவரோட இறங்கியிருக்கு. அந்த எல்போவ கையால திருப்பினேன், வெறும் கையால, அது பைப்ல இருந்து கழண்டு வந்துடுச்சு. உள்ள பாத்தா பசை காஞ்ச பாலாடை மாதிரி தனியா உரிஞ்சு நிக்குது, பைப்போட சேரவே இல்ல. பச்சத்தண்ணி பக்கம் பரவால்ல, சுடுதண்ணி படப்பட அந்த பசை இளகிடுச்சு. எங்க பிரஷர் கம்மின்றதால கசிவும் கம்மியா இருந்து பத்து நாள் யாருக்கும் தெரியாம போச்சு. பிரஷர் கம்மி, அதனால ஒழுகாதுன்னு நினைக்கிறவங்க இத கொஞ்சம் யோசிங்க. டைல், சிமென்ட், கீழ் வீட்டுக்கு பட்டி பெயின்ட், ஆள் கூலி எல்லாம் சேத்து பதினோராயிரம் ஆச்சு. சீலிங் முழுசா காஞ்சு பெயின்ட் அடிக்கவே நாப்பது நாள் ஆச்சு, அது வரைக்கும் அந்த பொண்ணு ஹால்ல டி.வி. பக்கத்துல உக்காந்து தான் பரீட்சைக்கு படிச்சா. பணத்த விட அது தான் எனக்கு இன்னிக்கும் உறுத்துது.

ரெண்டாவது தடவை எங்க தெரு பிளம்பர் அண்ணன கூப்பிட்டோம். தருமபுரிக்காரர், முப்பது வருசமா இதே வேலை. அவர் எங்கள திட்டல, உக்காந்து ஒவ்வொன்னா சொல்லிக் குடுத்தார், வேலைய தம்பிய விட்டே செய்ய வச்சார், அதனால தான் இப்ப எனக்கு இத எழுத தெரியுது. டப்பா மேல சி.பி.வி.சி.ன்னு போட்டிருக்கான்னு படிச்சு வாங்கணும், பழைய டப்பால சொல்யூஷன் தேன் பாகு மாதிரி கெட்டியாயிருந்தா தூக்கி போட்டுடணும். பைப்பை நேரா வெட்டி ஓரத்துல இருக்குற பிசிற சுரண்டணும், ஈரம் தூசி இல்லாம துடைக்கணும். பைப்லயும் தடவணும் ஃபிட்டிங் உள்ளயும் தடவணும், உள்ள சொருகும்போது கால் சுத்து திருப்பி, அரை நிமிஷம் கை எடுக்காம பிடிச்சுக்கணும், விட்டா அது தானா வெளிய தள்ளும். மிக்ஸர் மாட்டுற இடத்துக்கு உள்ள பித்தளை மரை இருக்குற எல்போ தான் போடணும், பிளாஸ்டிக் மரை போட்டா மிக்ஸர முறுக்கும்போது விரிசல் விடும்.

அப்புறம் அவர் பண்ணது தான் நான் இந்த லெட்டர் எழுதுறதுக்கே காரணம். பைப் ஒட்டி முடிச்ச உடனே நான் சிமென்ட் குழைக்கவான்னு கேட்டேன். நாளைக்கு வரைக்கும் ஒரு சொட்டு தண்ணி விடாதீங்க, பசை இறுகட்டும்னு கிளம்பிட்டார். மறுநாள் சாயங்காலம் வந்தார், கைல இரும்புப் பெட்டி மாதிரி ஒரு டெஸ்ட் பம்ப், கையால அடிக்கிறது, அதுல ஒரு வட்டமான மீட்டர். கீசருக்கு போற கனெக்‌ஷன கழட்டி அங்க ஒரு டம்மி, அதாவது வாய அடைக்கிற மூடி, மிக்ஸர் வர்ற ரெண்டு இடத்துலயும் டம்மி, மேல இருந்து வர்ற லைனை வால்வுல அடைச்சாச்சு. கீசரோட சேத்து பிரஷர் ஏத்தவே கூடாது, பழைய பைப்போடயும் சேத்து ஏத்தக் கூடாது, நாம புதுசா போட்ட இடத்த மட்டும் தனியா பிரிச்சு தான் சோதிக்கணும்னு சொன்னார். பம்ப அடிக்க அடிக்க முள் ஏறுது, ஆறு கிலோல நிறுத்தினார், மீட்டர்ல ஒரு கிலோன்னா கிட்டத்தட்ட ஒரு பார். எங்க வீட்ல சாதாரணமா இருக்குறது கால் கிலோ தான், அப்ப எத்தன மடங்குன்னு பாத்துக்கோங்க. ஒவ்வொரு ஜாயின்ட்லயும் ஒரு டிஷ்யூ பேப்பர சுத்த சொன்னார். ஒரு மணி நேரம் கழிச்சு பாத்தா முள் நாலுக்கு இறங்கி நிக்குது. எனக்கு தலையே சுத்துச்சு. எல்லா பேப்பரும் காஞ்சிருக்கு, பச்சத்தண்ணி பக்கம் டம்மில மட்டும் பேப்பர் ஓரத்துல நகக்கண் அளவுக்கு ஒரு ஈரம். டம்மிய கழட்டி டேப்ப உரிச்சு, மரை போற பக்கமாவே பதினஞ்சு சுத்து சுத்தி திரும்ப மாட்டி, திரும்ப ஆறு கிலோ. அப்ப ராத்திரி ஒம்பது மணி. பம்ப அப்படியே விட்டுட்டு போயிட்டார். நான் ரெண்டு தடவை எந்திரிச்சு டார்ச் அடிச்சு பாத்தேன். காலைல ஆறு மணிக்கு முள் அதே இடத்துல, பேப்பர் எல்லாம் வத்தல் மாதிரி காஞ்சு மொறுமொறுன்னு இருந்துச்சு. அதுக்கப்புறம் தான் சுவர மூடினோம்.

ஐயா, இவ்ளோ தான் விஷயம். ஒரு ராத்திரி. டெஸ்ட் பம்ப சொந்தமா வாங்க வேண்டாம், பெரும்பாலான பிளம்பர் கிட்ட இருக்கும், ஒரு நாள் வாடகை குடுத்தா கொண்டு வந்து மாட்டி குடுப்பாங்க, எல்லா வேலையும் நீங்களே செஞ்சாலும் இதுக்கு மட்டும் ஒரு ஆள கூப்பிடுறதுல எந்த குறையும் இல்ல. அந்த வரிய நீங்க கட்டுரைல போடாம விட்டது எனக்கு மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா நம்ம பேப்பர படிச்சு செய்றவங்க இருக்காங்க, நம்ம பேப்பர்ல தமிழ்ல போட்டா அப்படியே நம்பி செய்றவங்க இருக்காங்க. கடைல குடுக்குற காகிதம் எல்லாம் இங்கிலீஷ்ல தான் வருது, என் தம்பி மாதிரி கைத்தொழில் தெரிஞ்ச ஆளுக்கு அத படிச்சு விளங்கிக்க வராது, தமிழ்ல சரியா எழுதி குடுத்தா அவன் எந்த இன்ஜினியருக்கும் குறையாம செய்வான்.

கடைசில என்ன மாட்டினோம்னும் சொல்லிடுறேன், வீட்ல வயசானவங்க இருக்குறவங்களுக்கு இது உதவும். தலைக்கு மேல ஷவரே வேண்டாம்னு விட்டுட்டோம். டெலிபோன் ஷவர், அதாவது கைல பிடிக்கிற ஹேண்ட் ஷவர், வர்ற மாதிரி ஒரு வால் மிக்ஸர், ஒன்றரை மீட்டர் ஹோஸ், சுவர்ல மேலயும் கீழயும் நகத்துற ஒரு கம்பி, அதுல ஷவர மாட்டிக்கலாம். அம்மா ஸ்டூல்ல உக்காந்து இடது கையாலயே எடுத்து தலைக்கு காமிச்சுக்கலாம். இதுல ஒரு லாபம் என்னன்னா ஷவர ஏழடில இருந்து நாலடிக்கு இறக்கினா அந்த மூணு அடியும் நமக்கு பிரஷரா சேருது, எங்க மாதிரி மேல் மாடிக்கு அது பெரிய வித்தியாசம். மொதல்லயே இத யோசிச்சிருந்தா ஏழடிக்கு காடி எடுத்தத தவிர்த்திருக்கலாம்.

கம்பி மாட்டும்போது நல்லிக்கு நேர் மேலயும் நேர் கீழயும் ட்ரில் போடாதீங்க, பைப் பெரும்பாலும் அந்த வழியா தான் போகும். டைல் மேல மாஸ்கிங் டேப்ப பெருக்கல் குறி மாதிரி ஒட்டி அது மேல ட்ரில் வைங்க, வழுக்காது, டைல தாண்டுற வரைக்கும் ட்ரில்ல ஹேமர் மோட போடாதீங்க, டைல் தெறிச்சுடும். ஹோஸ்ல ரப்பர் வாஷர் இருக்கும், அங்க டேப் சுத்த தேவையில்ல, கையால முறுக்கி ஸ்பேனர்ல கால் திருப்பு போதும், ஸ்பேனருக்கும் குரோமுக்கும் நடுவுல ஒரு துணி வைங்க. அப்புறம் ஒன்னு, டவல் மாட்டுற கம்பிய பிடிச்சு எந்திரிக்கிற பழக்கம் வயசானவங்களுக்கு இருக்கு, அது ஒரு நாள் சுவரோட பிடுங்கிட்டு வந்துடும், அதனால ஸ்டீல்ல தனியா ஒரு கைப்பிடி, ஆங்கர் போல்ட் போட்டு அம்மாவோட இடுப்பளவுல மாட்டினோம். தரையையும் பாத்துக்கோங்க. பக்கெட்ல குளிக்கும்போது தண்ணி ஒரு மூலைல தான் விழும், ஷவர்ல நாலு பக்கமும் தெறிக்கும், வாட்டம் சரியில்லன்னா வாசப்படி பக்கம் தேங்கும். ஏழடிக்கு ஒரு இஞ்ச் வாட்டம் இருந்தா போதும். ஒரு மக்கு தண்ணிய ஊத்தி அது டிரெயின் பக்கம் போகுதான்னு பாத்துட்டு ஆரம்பிங்க. டைலுக்கு நடுவுல சந்த அடைக்கிற க்ரௌட் பூச்சு உதிர்ந்திருந்தா அதையும் நிரப்பிடுங்க, பைப் நல்லா இருந்தும் அந்த சந்து வழியா தண்ணி இறங்கி கீழ் வீட்டுக்கு போறது உண்டு.

கரண்ட் விஷயத்துல யாரும் சொந்தமா கை வைக்காதீங்க. கீசர் ஸ்விட்ச் பாத்ரூமுக்கு வெளிய இருக்கணும், ஹேண்ட் ஷவர் கைல இருந்து நழுவுனா பாம்பு மாதிரி சுத்தி சுத்தி எல்லா பக்கமும் அடிக்கும். எர்த் சரியா இருக்கான்னும், மெயின் போர்ட்ல கரண்ட் கசிஞ்சா தானா நிறுத்துற 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் இருக்கான்னும் எலக்ட்ரீஷியன கூப்பிட்டு ஒரு தடவை பாத்துடுங்க. கேஸ் கீசர் வச்சிருக்கிறவங்க அத பாத்ரூமுக்குள்ள வைக்கவே வைக்காதீங்க, அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது நிறமும் கிடையாது, பக்கெட் குளியல விட ஷவர்ல அதிக நேரம் நிப்போம், கீசர் அவ்ளோ நேரம் எரியும், ஜன்னல் மூடியிருந்தா மூச்சு நின்னுடும், அப்படி உயிர் போன செய்தி நம்ம ஊர்லயே வந்திருக்கு. சுடுதண்ணி சூட்டையும் குறைச்சு வைங்க, வயசானவங்க தோல் சீக்கிரம் பொத்துடும், அம்மாவுக்கு மொதல்ல பச்சத்தண்ணி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சுடுதண்ணின்னு பழக்கியிருக்கேன்.

ஷவர்னா தண்ணி வேஸ்ட், பெங்களூர்ல இருந்துக்கிட்டு இது தேவையான்னு சொந்தக்காரங்க நிறைய பேர் கேட்டாங்க. நியாயமான கேள்வி. காவேரி தண்ணி தொரேகாடனஹள்ளி பம்பிங் ஸ்டேஷன்ல இருந்து கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் பம்ப் பண்ணி மலை ஏத்தி தான் இங்க வருது, 2024 கோடைல போர் எல்லாம் வத்தி டேங்கர் பின்னாடி குடத்தோட ஓடினத யாரும் மறக்கல. குடிதண்ணில கார் கழுவினா 5,000 ரூபா ஃபைன்னு வாட்டர் போர்டு அறிவிச்சதும் அப்ப தான். அந்த வருசம் அக்டோபர்ல காவேரி குடிநீர் திட்டம் ஐந்தாம் கட்டம் வந்துச்சு, 775 எம்.எல்.டி., அதாவது ஒரு நாளைக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலா, ஆனாலும் எங்க தெருவுல தினமும் தண்ணி கிடையாது. அதனால நான் அளந்து பாத்தேன். பதினஞ்சு லிட்டர் பக்கெட்ட வச்சு ஹேண்ட் ஷவர அதுக்குள்ள விட்டு போன்ல டைம் பாத்தேன், நிறைய மூணு நிமிஷம் இருபது செகண்ட். அப்ப நிமிஷத்துக்கு நாலரை லிட்டர். அம்மா சோப்பு போடும்போது ஷவர்லயே இருக்குற பட்டன அழுத்தி நிறுத்திடுவாங்க, மொத்தமா தண்ணி ஓடுறது அஞ்சு நிமிஷம், இருபத்திரண்டு லிட்டர். ஒரு பக்கெட் ஒரு அரை பக்கெட் கணக்கு தான். பெரிய ரெய்ன் ஷவரும் பிரஷர் பம்ப்பும் மாட்டினா தான் பத்து நிமிஷத்துல நூறு லிட்டருக்கு மேல போகும், அது யாருக்குமே தேவையில்ல. எங்க வீட்ல போர் தண்ணியும் கலந்து வரும், ரெண்டு மாசத்துல ஷவர் ஓட்டைல வெள்ளையா உப்பு கட்டிடும், ஒரு பிளாஸ்டிக் கவர்ல வினிகர் ஊத்தி ராத்திரி முழுக்க கட்டி வச்சுட்டு காலைல பழைய டூத் பிரஷ்ல தேச்சா போயிடும்.

லீஸ் வீட்ல இருக்குறவங்களுக்கு இன்னொரு வழி இருக்கு, ஏற்கனவே ஆறு இஞ்ச் இடைவெளில மிக்ஸர் இருந்தா சுவரயே தொட வேண்டாம், பழைய மிக்ஸர கழட்டி டெலிபோன் ஷவர் வர்ற மிக்ஸர அதே பாயிண்ட்ல மாட்டிடலாம், அது நிஜமாவே ஒரு மத்தியான வேலை தான். உங்க கட்டுரைல மொதல்ல இத சொல்லிட்டு, முடியாதவங்க மட்டும் சுவர வெட்டுங்க, வெட்டினா ஒரு ராத்திரி பிரஷர்ல விட்டு பாக்காம மூடாதீங்கன்னு ஒரு திருத்தம் போடணும்னு கேட்டுக்குறேன். உள்ள எங்கயோ ஒரு மூலைல போடாம அதே வீட்டுப் பக்கத்துல, அதே அளவு எழுத்துல போடுங்க.

இப்ப அம்மா காலைல ஆறு மணிக்கு தானா போய் கதவ சாத்திக்கிறாங்க, உள்ள தாப்பா போட வேண்டாம்னு மட்டும் சொல்லியிருக்கேன். நான் சமையக்கட்டுல இருந்து கேப்பேன், தண்ணி சத்தம், நிக்கும், திரும்ப வரும், நடுவுல கந்தர் சஷ்டி கவசம் முணுமுணுப்பாங்க. கீழ் வீட்டு ஆன்ட்டி கிட்ட இப்பவும் மாசத்துக்கு ஒரு தடவை போய் சீலிங்க பாத்துட்டு வர்றேன், அவங்க ஏனு இல்ல, ஆராமாகி இரி, ஒன்னும் இல்ல, நிம்மதியா இருங்கன்னு சொல்லி காபி குடுத்து அனுப்புவாங்க, நான் பாக்காம வர்றதில்ல.

கையோட கழண்டு வந்த அந்த எல்போவ நான் தூக்கிப் போடல. சமையக்கட்டு அலமாரில ஒரு பழைய டம்ளர்ல போட்டு வச்சிருக்கேன், உள்ள உரிஞ்சு நிக்கிற பசை அப்படியே தெரியும். திருத்தம் போடும்போது படம் வேணும்னா சொல்லுங்க, ஆபீஸுக்கு நானே கொண்டு வந்து குடுக்குறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
மர்ஃபி டவுன், அல்சூர்,
பெங்களூரு